சந்தனம் பூசிய ஸ்கோப்

மாதங்கி தன் ஏர் ரைஃபிளுக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்கப் போனபோது, கடைக்காரர் முதலில் காட்டியதில் குறுக்குக் கோடுகள் தடிமனாக இருந்தன. பளிச்சென்று தெரியும் என்றார். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போட்டியில் குண்டு துளைக்குள் போனால்தான் இலக்குத் தகடு விழும். அந்தத் துளை சட்டைப் பித்தான் அளவு; அந்தக் கோடு துளையையே மறைத்தது. அவள் எடுத்துக்கொண்டதில் மயிரிழைக் கோடுகள், அவற்றின் மேல் சிறு புள்ளிகள். தூரம் கூடினால் குண்டு தாழும். அப்போது நடுவை விட்டுக் கீழ்ப்புள்ளியை இலக்கில் வைக்க வேண்டும். காற்றடித்தால் பக்கப் புள்ளி. எதற்கு எது என்று ஒரு வருடம் சுட்டுச் சுட்டுப் பழகினாள்.

அப்பா சேஷன், மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று தில்லி மயூர் விஹாரில் இருப்பவர். தில்லி துப்பாக்கிச் சுடும் அணியில் இடம் கிடைத்தால் கல்யாணப் பேச்சை ஒத்திப்போடலாம், இல்லாவிட்டால் தை மாதம் முகூர்த்தம் என்று கெடு வைத்திருந்தார். மாப்பிள்ளை தில்லியிலேயே, துவாரகாவில் தயார்.

அணித் தேர்வுப் போட்டி விஜயதசமியன்று வந்தது. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மாதங்கி வெளியே போயிருந்த நேரத்தில் அவளுடைய ஏர் ரைஃபிளும் பூஜையில் ஏறிவிட்டது. மறுநாள் விடிந்ததும் கேட்டாள்.

"அப்பா, எட்டு மணிக்கு ரேஞ்சுல குறியைச் சோதிச்சுப் பாக்கணும். துப்பாக்கியைக் கொடுங்கோ."

"புனர்பூஜை ஆகாம எப்படிடீ எடுக்கறது?"

"அப்போ ஜல்தி பண்ணுங்கோளேன்!"

"இன்னும் ஸ்நானமே ஆகலை. ஏழரைக்கு ராகு காலம் வந்துடும். ஒம்பது மணிக்கு எடுத்துக்கோ."

"ராகு வந்து ட்ரிகரை இழுக்கப் போறதா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயைப் பாரு," என்றாள் அம்மா காமாக்ஷி.

அவள் போய்ச் சேர்ந்தபோது சோதனை நேரம் முடிந்திருந்தது. நேராகப் போட்டிக்குப் போகச் சொன்னார்கள். முதல் தகடு விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. மூன்றாவதும் விழாமல் நிற்க, அதில் குண்டு பட்ட தழும்பைத் தேடினாள். துளைக்கு இடப்பக்கம் இருந்தது. ஸ்கோப்பின் பக்கத் திருகு மூடியைக் கழற்றினாள். உள்ளே சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அந்தத் திருகு அசைந்தால் குறி நகர்ந்துவிடும். இடப்பக்கப் புள்ளியை இலக்கில் வைத்து மீதியைச் சுட்டாள். தகடுகள் வரிசையாக விழுந்தன. ஆனால் முதல் மூன்றைத் தவறவிட்டதில் அணியில் பிடிக்க வேண்டிய இடம் போய்விட்டது.

"அந்த மூடியைத் திறந்தேளாப்பா?" வீடு திரும்பியதும் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வைக்க வேண்டாமா? சுத்திச் சுத்தி நன்னா இட்டேன்."

"அதனாலதான் குறி தப்பித்து."

"பகவானுக்கு இட்டதாலயா? ஒனக்கு இது ராசியில்லைடி, அவ்வளவுதான்."

ஒரு பெண்ணின் வருட உழைப்பைச் சந்தனம் தோய்ந்த விரல் ஒன்று திருகிப் போட்டது. விரலை யாரும் விசாரிக்கவில்லை. குற்றவாளி அவள் ஜாதகம். அலுவலகத்தில் ஆதாரமில்லாத கோப்பில் கையெழுத்திடாத மனிதர், மகளுக்கு மட்டும் ஆதாரமில்லாமல் தீர்ப்பெழுதினார். அதைப் பக்தி என்று சொல்லிக்கொண்டார்கள்.

சாயங்காலமே துவாரகாவுக்குப் போன் போயிற்று. மாதங்கி தரையில் உட்கார்ந்து பஞ்சால் திருகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதைத் துடைக்காதேடி," என்றாள் காமாக்ஷி. "பிரசாதம்."