கிரேனக்காவும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கட்டடம் ஏற ஏற, கிரேனக்கா குடிக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாவது மாடி கட்டும்போது நாளுக்கு இரண்டு பாட்டில். பத்தாவது மாடியில் ஒரு பாட்டில். பத்தொன்பதாவது மாடி எழும்பியபோது காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு வாய். அவ்வளவுதான்.

காரணம் ஏணி. கேபினிலிருந்து தரைக்கு இருநூற்று நாற்பது படி. இறங்கி, கழிப்பறைக்குப் போய், மறுபடி ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிரேன் நின்றால் சைட்டே அண்ணாந்து பார்க்கும், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. யார் இறங்குகிறாள், எதற்கு இறங்குகிறாள் என்று நூற்றைம்பது பேருக்கும் தெரிந்துவிடும். ஒருமுறை கம்பி கட்டுகிறவர்கள் இருவர், அவள் திரும்ப ஏற எவ்வளவு நேரமாகும் என்று பந்தயமே கட்டினார்கள். ஜெயித்தவன் நன்றிக்கடனாக அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றதுதான் கொடுமை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் ஸ்டோரில் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தவள். தகரக் கூரையின் ஓட்டை வழியே கிரேனின் கை வானத்தில் நகர்வதைப் பார்ப்பாள், எண்ணிக்கை தப்பிப்போகும். மறுபடி எண்ணுவாள், மறுபடி பார்ப்பாள். கடைசியில் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, மேலே ஏறிவிட்டாள். கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு லீவர், காலடியில் கண்ணாடி, உள்ளங்கை அளவு மின்விசிறி. கீழே மனிதர்களுக்கு முகம் கிடையாது, ஹெல்மெட் மட்டும்தான். ஸ்டோரில் இருந்தவரை எல்லாரும் அவளைப் பார்த்து "கொஞ்சம் நகரும்மா" என்பார்கள். மேலே வந்த பிறகு, நகர்வதெல்லாம் அவள் கை அசைவுக்கு நகர்ந்தது. அறுபது வயதுக் கொத்தனாருக்கும் அவள் அக்காதான்.

இப்படி இருக்கையில்தான் எரிச்சல் வந்தது. எங்கே என்று யாரிடமும் சொல்ல முடியாத எரிச்சல். கூடவே காய்ச்சல்.

"நாலு மாசத்துல இது ரெண்டாவது தடவை. காய்ச்சலோட உங்களை அவ்வளவு உயரத்துல உட்கார வைக்க முடியாதும்மா" என்றார் கம்பெனி டாக்டர். "அடுத்த மாசம் பரிசோதனை இருக்கு. அதுக்குள்ள மறுபடி வந்துதுன்னா கீழதான் வேலை, ஸ்டோர்ல. மாத்திரையைப் பாதியில விடாம முடிங்க. தண்ணி நிறைய குடிங்க."

முதலாவதைச் செய்தாள். இரண்டாவதற்குத் தலையாட்டினாள்.

சைட் கேட்டருகே கேன்டீன் நடத்துகிறவர் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. அவர் ஒரு கையால் டீ ஆற்றுவார், மறு கையால் இயற்கை மருந்து டப்பா விற்பார். மூட்டுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, மூத்திரப் பாதைக்கு மட்டும் ஐந்து. டீ குடிக்க வருகிறவர்களிடம் மேலே விரல் காட்டி "அது எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லாத நாளில்லை.

"ஸ்டோரா?" என்று ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். "என் தம்பி பொண்டாட்டி போல்ட் எண்ணவா? நான் உசுரோட இருக்கறப்பவா? நீ ஏறு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"அண்ணி, வேணாம்..."

"ஏறுன்னா ஏறு."

மறுநாள் காலை வாக்கி டாக்கியில் விசிலண்ணன் குரல் வந்தது. கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர் அவர். "அக்கா, கொக்கியில ஒரு துணிப்பை மாட்டியிருக்கு. எடை கால் கிலோ. கிரேன் தாங்குமான்னு பார்த்துத் தூக்கு."

பைக்குள் கிரான்பெர்ரி கேப்ஸ்யூல், டி-மன்னோஸ் என்கிற வெள்ளைப் பவுடர், சோள நார்த் தூள், வெள்ளரி விதைப் பொடி, பார்லி மாவு. ஐந்து மருந்து, அவளிடம் இருந்ததோ ஒரு வாய்த் தண்ணீர். கேப்ஸ்யூலை எச்சிலோடு விழுங்கினாள். பொடிகளை அப்படியே நாக்கில் கொட்டி, உத்தரத்தை இறக்குகிற கவனத்தோடு மெல்ல மெல்லத் தொண்டைக்குள் இறக்கினாள். இரண்டு நாள் இப்படியே ஓடியது.

மூன்றாம் நாள் பார்லி மாவும் வெள்ளைப் பவுடரும் ஒன்றாக வாயில் இருக்கும்போது தும்மல் வந்தது.

சாதாரணத் தும்மல் இல்லை. கேபின் கண்ணாடி நாலு பக்கமும் வெள்ளையாகிவிட்டது.

"கேபின்ல புகை!" கீழே விசில் பறந்தது. சைரன் அலறியது. ஆட்கள் கரண்டியும் கையுமாகத் திறந்தவெளிக்கு ஓடினார்கள்.

"அக்கா! உசுரோட இருக்கியா?"

இருமி முடித்து பட்டனை அழுத்தினாள். "புகை இல்லண்ணே. பவுடர்."

"பவுடரா? மூஞ்சிக்குப் போட இதுதான் நேரமா?"

கீழே ஏதோ இழுபறி. பிறகு நாத்தனாரின் குரல். "மூஞ்சிக்கு இல்லடா, மூத்திரப் பாதைக்கு! நான்தான் குடுத்தேன். ஒரிஜினல் சரக்கு!"

அந்தக் குரல் கேட்கிற வாக்கி டாக்கி சைட்டில் முப்பத்திரண்டு பேர் இடுப்பில் தொங்கியது.

கிரேனக்காவுக்குத் தன்னையே கொக்கியில் மாட்டி அடுத்த ஊரில் இறக்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. சைட் எஞ்சினியரின் குரல், கொஞ்சம் தயங்கி, கேட்டது: "ஏம்மா, பவுடரைத் தண்ணியில கலந்து குடிக்கக் கூடாதா?"

கண்ணாடி முழுக்க வெள்ளை. ஒரு ஹெல்மெட்கூடத் தெரியவில்லை. அந்த மறைப்பில்தான் அவளுக்கு வாய் திறந்தது.

"தண்ணி குடிச்சா இறங்கணும் சார். இறங்கினா எல்லாரும் அண்ணாந்து பார்க்கறாங்க. பந்தயம் கட்டறாங்க. அதனால குடிக்கறதில்ல."

அதைக் கேட்டதும் கம்பி கட்டுகிறவர்கள் இருவரும் தங்கள் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள் என்று விசிலண்ணன் பிற்பாடு சொன்னார்.

கீழே நாத்தனார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, டப்பாக்களைத் திருப்பினார். பட்டனை விட மறந்திருந்ததால் படித்தது முழுக்க மேலே கேட்டது. "ஒரு முழு டம்ளர் தண்ணீருடன்... இதுலயும் ஒரு முழு டம்ளர்... இதுல ரெண்டு. அடப்பாவி, அஞ்சுலயும் இருக்கே! வருஷக்கணக்கா விக்கறேன், அடியில எழுதியிருக்கறதை இன்னிக்குத்தான் படிக்கறேன்."

சாயங்காலம் அவரே ஐந்து டப்பாவையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குப் போனார். டாக்டர் கிரான்பெர்ரியை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "இது சிலருக்குத் திரும்ப வராம இருக்க உதவலாம். ஆனா வந்ததை விரட்டாது. மத்ததுக்கெல்லாம் என்னால உறுதி சொல்ல முடியாது. தண்ணிக்கு மட்டும் சொல்வேன்."

"தண்ணியில எனக்கு என்னங்க லாபம்?" என்றார் நாத்தனார், மனசு உடைந்து.

பதினேழாவது மாடியில் கிரேன் கோபுரத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஓர் இரும்புப் பாலம் இருந்தது. கேபினிலிருந்து அங்கே இறங்க அறுபதே படி. எஞ்சினியர் ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை வரவழைத்தார். நீல நிறம், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். அதை மேலே ஏற்ற ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

ஜெனரேட்டரைத் தூக்கியபோதுகூட இல்லாத கவனத்தோடு லீவரைப் பிடித்தாள். நீலப் பெட்டி தரையை விட்டு எழும்பியது. பத்தாவது மாடிக்கு மேல் காற்றில் ஒரு சுற்று சுற்றியது. கதவு தானாகத் திறந்து மூடி, திறந்து மூடி, எல்லாருக்கும் டாட்டா காட்டியது.

"எவன்டா தாழ் போடாம விட்டது!" விசிலண்ணன் அலறினார்.

"உள்ள ஆள் இருக்கான்னு கேளுங்கண்ணே" என்றது யாரோ ஒரு குரல்.

முட்டை வைப்பதுபோல் வைத்தாள். கீழே கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த மாதப் பரிசோதனையில் எல்லாம் சுத்தம். "கேபின்லயே இருங்க" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அது தன் கேப்ஸ்யூலின் வெற்றி என்று நாத்தனார் கேன்டீனில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். கூடவே, டப்பா வாங்குகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் இலவசம் என்று எழுதி மாட்டியிருக்கிறார்.

கிரேனக்கா இப்போது இரண்டு பாட்டில் குடிக்கிறாள். முதல் நாள் பத்தரை மணிக்கு லீவரை நிறுத்தி எழுந்தபோது பழைய கூச்சம் காலைப் பிடித்தது. அப்போது வாக்கி டாக்கியில் விசிலண்ணன் குரல் கரகரத்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. கிரேன் நிக்குது. அவங்கவங்க ஷூவைப் பாருங்க."

கண்ணாடி வழியே பார்த்தாள். மஞ்சள், வெள்ளை, நீலம் என்று நூற்றைம்பது ஹெல்மெட்டுகள் ஒன்றுபோலக் குனிந்தன. கேட்டருகே டீ ஆற்றிக்கொண்டிருந்த ஓர் உருவம் மட்டும் அண்ணாந்தபடியே நின்று, கையை ஆட்டி "போ, போ" என்றது.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிலைமையில் சிரிப்பது ஆபத்து. ஏணியைப் பிடித்தாள்.