உறையூர் தெருமுனையில் மூன்று கல்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. கல்யாணமான இரண்டாம் வருஷம் வந்த விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவைத்து, காதை எடுத்துக்கொண்டு போனது. இதை முதலில் சொன்னால்தான் மற்றது புரியும்.

நாங்கள் உறையூர் நெசவுக்காரர்கள். ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. விடிந்ததும் தறியில் ஏற்றும் நெடுக்கு நூலை, அதைத்தான் பாவு என்போம், தெரு நீளத்துக்கு நீட்டி, அதில் கஞ்சி தடவி, பிரஷ் போட்டுக்கொண்டே பின்பக்கமாக நடப்பார் அவர். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? தெருதான் எங்கள் பட்டறை.

மெயின் ரோட்டு ரைஸ்மில் முதலாளியின் தம்பி புதுக் கார் வாங்கியிருந்தார். எங்கள் தெரு அவருக்குக் குறுக்குவழி. ஒருநாள் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து பாவின் மேலேயே ஏற்றிவிட்டுப் போனார். நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே என் நெற்றியில் பொட்டு இருந்திருக்காது. கார்க்காரரைக் கேட்டதற்கு, "ஹாரன் அடிச்சேனே" என்றார்.

தெருக்காரர்கள் கூடித் தெருமுனையில் மூன்று கருங்கல் நட்டார்கள். ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், கார் போகாது. அந்த மாசமே அந்தத் தம்பி கண்மண் தெரியாமல் வந்து கல்லில் இடித்து பம்பரை வளைத்துக்கொண்டார். அடுத்த வாரம் முனிசிபாலிட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பொது வழியில் அனுமதியில்லாமல் கல் நட்டது குற்றமாம். வருகிற வெள்ளிக்கிழமை பிடுங்கிவிடுவார்களாம்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். என் கையாலேயே மனு எழுதினேன். என் புருஷனுக்குக் காது கேட்காது, ஹாரன் அடித்தாலும் தெரியாது, கல்லை எடுத்தால் அவர் உயிர் போய்விடும் என்று எழுதி, ஆபீசுக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். வாங்கினவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சோறு இறங்கவில்லை. அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடு என்று கொழுந்தனார் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவர் காரில் போவார், நாங்கள் தறியை விட்டு ஓடவேண்டுமா?

நேரே எங்கள் ஊரில் கூரையில்லாமல் வெட்டவெளியில் இருக்கும் வெக்காளியம்மனிடம் போனேன். அழுதுகொண்டு போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். கோபமாகத்தான் போனேன். குறையைச் சீட்டில் எழுதி அவள் சந்நிதிச் சூலத்தில் கட்டுவது அங்கே வழக்கம். நானும் ஒரு சீட்டில் இப்படி எழுதினேன்: 'தாயே, உனக்கும் கூரை இல்லை, எங்கள் வேலைக்கும் கூரை இல்லை. கல்லைப் பிடுங்க வருகிறவர் எங்கள் பாவுக்குப் பக்கத்தில் நின்று ஒருதரம் பார்க்கவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. இதைக்கூடச் செய்யாவிட்டால் இனி உன் வாசலுக்கு வரமாட்டேன்.' சூலத்தில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓவர்சியர் வந்தார், கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். என் வீட்டுக்காரர் பாவில் பாதி வந்திருந்தார். நான் போய் நடுக்கல்லுக்கு முன்னால் நின்றேன். "இந்தப் பாவு முடியட்டும் சார். அதுவரைக்கும் இங்கயே நின்னு பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, சரி என்று பாவுக்குப் பக்கத்தில் நிழலில் ஒதுங்கினார். ஆட்கள் பீடி பற்றவைத்தார்கள். நானும் பாவோரம் வந்து நின்றேன்.

அன்று கல்லைப் பிடுங்குகிறார்கள் என்பது ரைஸ்மில் தம்பிக்கும் தெரியும். இதற்குள் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் ஹாரனை அடித்தபடி தெருவுக்குள் திருப்பினார்.

நடுக்கல்லில் மோதிய சத்தத்தில் தெருவே வெளியே ஓடிவந்தது. லைட் நொறுங்கியது. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் நான்கு முழத் தூரத்தில் என் வீட்டுக்காரரின் முதுகு. ஒன்றும் தெரியாமல் அவர் இன்னும் இரண்டு அடி பின்னால் நடந்து பிரஷ் போட்டார்.

ஓவர்சியர் முகம் வெளுத்துவிட்டது. "அவ்வளவு ஹாரன் அடிச்சும் இவருக்குக் கேக்கலையாம்மா?" என்றார்.

"கேக்காதுன்னுதான் சார் உங்க ஆபீசுல எழுதிக் குடுத்தேன். நீங்க யாரும் படிக்கலை. அவ படிச்சிட்டா."

காரில் வந்தவருக்கு நெற்றியில் வீக்கம், அவ்வளவுதான். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். யாருக்கும் கெடுதல் கேட்டு நான் எழுதவில்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க? கஞ்சி காயுது" என்று சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

ஓவர்சியர் ஆட்களை விட்டே சாய்ந்த கல்லை நிமிர்த்தி நட்டார். கல் அவசியம் என்று அவரே ரிப்போர்ட் எழுதினார். தற்செயல் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்த நாலு முழத்தைப் பார்த்தவள் நான். கல்லுக்கு மஞ்சள் பூச வந்த பெண்களையும் திருப்பி அனுப்பினேன். கல் கல்தான். நன்றி சொல்லவேண்டிய இடம் எனக்குத் தெரியும், வெள்ளி தவறாமல் போகிறேன்.

முன்பெல்லாம் பாவு நாளில் கம்பை வைத்துக்கொண்டு தெருமுனையில் காவல் நிற்பேன். இப்போது உள்ளே உட்கார்ந்து நிம்மதியாக நூல் சுற்றுகிறேன். யாரிடமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதும் போய்விட்டது.

உங்கள் மனுவையும் எங்காவது பிரிக்காமல் வைத்திருப்பார்கள். கலங்காதீர்கள். அதையே அவளுக்கும் எழுதுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே எழுதுங்கள். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். எழுதிவிட்டு, உங்கள் தெருமுனையில் நீங்கள் போய் நில்லுங்கள்.