கடைக்குப் புது எண்ணெய், வீட்டுக்குப் பழைய எண்ணெய்

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில், என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இது. நான் சாராயத்தைத் தொட்டதே இல்லை. சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று மாதமாக அசதி. வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் சேதமாகும்போது ரத்தத்தில் கூடும் நொதி) எகிறியிருந்தது. ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. கொழுப்பால் வந்த அழற்சி (கல்லீரல் உள்ளுக்குள் வீங்கிப் புண்ணாவது) என்றார். இப்படியே விட்டால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாவது). அதுவரை போய்விட்டால் திரும்பி வருவது கஷ்டம்.

செய்தி கேட்டு மாமல்லபுரத்திலிருந்து மைத்துனன் வந்தான். ஒரு கையில் கீழாநெல்லி, மறு கையில் பொரித்த வவ்வால் மீன்.

“மச்சான், எங்கிட்டயே மறைக்கிற பாத்தியா? எங்க போய் போட்டுக்கினு வர்ற?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உங்கள் கையிலும் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள். குடிக்காதவனுக்கும் இது வரும்.

பொத்தேரியில் எங்களுக்கு மாலைநேர பஜ்ஜிக் கடை. நானும் என் மனைவி எஸ்தரும்தான் நடத்துகிறோம். வருவதெல்லாம் பக்கத்துக் கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகள். அவர்கள் வயிறு கெடக்கூடாது என்று தினமும் புது எண்ணெய்தான் ஊற்றுவோம். அடுத்த முறை இருவரும் போனபோது டாக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“மிச்ச எண்ணெயை என்ன பண்ணுவீங்க?” என்றார்.

எஸ்தர் முந்திக்கொண்டாள். “கீழயா ஊத்துவோம்? வூட்டுக்கு எடுத்தாந்து வடிகட்டி வெச்சிப்போம். கொழம்பு தாளிக்க, மீன் வறுக்க, எல்லாத்துக்கும் அதான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதிலுள்ள கொழுப்பு கெட்டுப்போகும், அது கல்லீரல் அழற்சியைத் தூண்டக்கூடும் என்றார். அது மட்டுமே காரணமா என்று கேட்டேன். சொல்ல முடியாது, தட்டு நிறையச் சோறு, சர்க்கரை போட்ட டீ, தொப்பை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்றார். பதினெட்டு வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு நாங்கள் கசடைத் தின்றிருக்கிறோம். யாரைத் திட்டுவது?

மாத்திரை எதுவும் தரவில்லை. நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும், பழைய எண்ணெய் கூடாது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் எவ்வளவு சண்டை! ஒரு நாள் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் எண்ணெய் கேனைக் கண்டுபிடித்துக் கத்தினேன்.

“ஒரு வாட்டி காஞ்ச எண்ணெ, தங்கம் மாரி கீது. உனுக்குத் தனியா ஆக்கிப்போடுறேன் இல்ல? நீ துன்னாத, நான் துன்றேன்” என்றாள்.

அத்தோடு விட்டுவிட்டேன். என் தட்டு சுத்தமாக இருந்தது.

எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். எஸ்.ஜி.பி.டி. இறங்கியது. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேனிலும் முன்னேற்றம். டாக்டர் கைகொடுத்துவிட்டு எஸ்தரைப் பார்த்தார். “அம்மா, உங்களுக்கு டெஸ்ட் பண்ணிட்டீங்களா?”

அவள் சிரித்தாள். “எனக்கின்னா சார், நல்லாத்தான் கீறேன்.”

அவரே எழுதிக்கொடுத்தார். அவளுக்கு வந்த எஸ்.ஜி.பி.டி. அளவு, நான் முதல் முறை வந்தபோது எனக்கிருந்ததைவிட அதிகம். கல்லீரலில் தழும்பு விழுந்துவிட்டது. சிரோசிஸ் இல்லை, ஆனால் தூரத்திலும் இல்லை என்றார் டாக்டர்.

எஸ்தர் அழவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள். “இத்தினி வாட்டி வந்துகினு இருந்தோமே, ஒரு வாட்டி எனக்கும் பாருங்கன்னு நீ ஏன் சொல்லல?”

பழைய எண்ணெய் இப்போது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. காலையில் இருவரும் நடக்கிறோம். அவள் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள், நானும் நிற்பேன். என் உடம்பில் அசதி எந்த வாரம் தொடங்கியது, பாரம் எந்தப் பக்கம் இருந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன். கடையில் நின்றுகொண்டே மாவு கரைத்தவள், எப்போதிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்து கரைக்கத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.