கதவுக்குப் பின்னால் இருந்து அமுக்கிய பந்து

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று தோன்றுகிறது.

வீட்டில் நானும் மாமனாரும்தான். கணவருக்குக் கீரிப்பாறைப் பக்கம் மலையில் ரப்பர் தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள்கிழமை விடியுமுன் போய்விடுவார். மாமியார் நான் வந்த ஆறாம் மாதமே தவறிவிட்டார்.

மாமனாருக்கு மூச்சு இளைப்பு நோய். நெய்யூர் ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு கண்ணாடிக் குழல் கொடுத்திருந்தார்கள். ஒரு முனையை வாயில் வைக்க வேண்டும். மறுமுனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. உள்ளே நாலைந்து சொட்டு மருந்து விட்டுப் பந்தை அமுக்கினால் பனி மாதிரி வரும். மூச்சை உள்ளே இழுக்கிற அதே நேரத்தில் அமுக்க வேண்டும், அதுதான் கணக்கு. இடது கையால் குழலைப் பிடித்துக்கொள்வார். வலது கையில் வண்டிச் சக்கரம் ஏறி, விரல்கள் மடங்காமல் போய் ரொம்ப வருஷம். அதனால் பந்தை அமுக்க இன்னொரு ஆள் வேண்டும். மாமியார் போனதும் அந்த வேலை எனக்கு வந்தது.

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மழைக்காலமானால் கணக்கே கிடையாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நெல் அவித்து, பாத்திரம் கழுவி வந்து பந்தை அமுக்க நின்றால் விரல் கணுவெல்லாம் தெறிக்கும். வேலையைவிட வெட்கம்தான் பெரிய பாடு. மாமனார் முன்னால் மருமகள் நிற்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. சாப்பாடு வைத்துவிட்டேன் என்பதைக்கூட வட்டில் தரையில் தட்டுகிற சத்தம்தான் சொல்லும். அப்படிப்பட்டவள் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நிற்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி அமுக்குவேன்.

ஒரு சனிக்கிழமை கணவரிடம் சொன்னேன், "அந்தப் பந்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு நீளமான குழாய் கிடைச்சா நல்லா இருக்கும்."

"எதுக்கு? எங்கப்பாவைக் கண்டா உனக்குப் புலியா?"

"புலின்னா ஓடிரலாம்லா."

சிரித்துக்கொண்டே போனவர், அடுத்த வாரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் கழித்துப்போட்ட ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். நாலு முழம் இருக்கும். வெந்நீரில் போட்டுக் கழுவி, நூல் சுற்றி இரண்டு பக்கமும் மாட்டினேன். கண்ணாடிக் குழல் அறையில் அவர் கையில். குழாய் கதவு இடுக்கு வழியாக அடுக்களைக்கு வரும். நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்று இரண்டு என்று எண்ணி அமுக்குவேன். நாலாம் வகுப்புக்காரி ஒரு யந்திரமே செய்துவிட்டாள் என்று எனக்குள்ளே ஒரு பெருமை. மூன்று நாள் இப்படிப் போயிற்று. குழாய் அவ்வப்போது லேசாக இழுபடும். கதவில் மாட்டிக்கொள்கிறது என்று நினைத்து நான் என் பக்கம் இழுத்து விட்டுக்கொள்வேன்.

அது கன்னிப்பூ நெல் அறுப்பு நேரம். நாலாம் நாள் காலையில் வைக்கோலை முற்றத்தில் கொண்டுவந்து தட்டிவிட்டு வண்டிக்காரர்கள் களத்துக்குப் போய்விட்டார்கள். தெருவே களத்தில்தான் இருந்தது. வைக்கோல் தூசி வீடு முழுக்க. கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து, இளைப்பு ஏறும்போது அவர் மூச்சில் வரும் அந்தச் சீழ்க்கைச் சத்தம் ஆரம்பித்தது. மருந்து விட்டுக் குழலைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடிவந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அமுக்கினேன், அமுக்கினேன், நூறு தடவை இருக்கும். சத்தம் குறையவில்லை. குழாய் வெடுக்கென்று இழுபட்டது. நான் திரும்ப இழுத்தேன். மறுபடியும் இழுபட்டது. மறுபடியும் இழுத்தேன். அப்புறம் இழுப்பும் நின்றது, சீழ்க்கையும் நின்றது.

பந்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் தொடையில் ஊன்றி, குழலை வாயில் பிடித்தபடி குனிந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றது மாதிரி. நெஞ்சு ஏறுகிறது, ஆனால் காற்றுப் போகிற சத்தமே இல்லை. முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். அந்தக் கண்ணை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, தோள் ஏறும்போது அமுக்கினேன். இறங்கும்போது விட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு பாடு நேரம் கழித்துச் சீழ்க்கை திரும்ப வந்தது. அந்தச் சத்தம் கேட்டு நான் அழுதுவிட்டேன். அப்போது அவர், மடங்காத அந்த வலது கையால் குழாயை வளைத்துப் பந்தைத் தன் பக்கம் இழுத்தார். தொடைமேல் வைத்தார், முழங்கையை அதன்மேல் ஊன்றினார். மூச்சு ஏறும்போது ஒரு சாய்வு. பனி சரியாக வாய்க்குள் போயிற்று. பந்து நழுவப் பார்த்தது, நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.

வெயில் முற்றத்தில் சாய்ந்த பிறகுதான் பேச்சு வந்தது அவருக்கு. "மூணு நாளா பந்த எனக்க பக்கம் எடுக்கணும்னு குழாய இழுத்துப் பாக்கேன். நீ தூண்டில்ல மீன் விழுந்த மாதிரி திரும்ப இழுக்க."

"எனக்குத் தெரியாது மாமா" என்றேன். நான் அவரிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"முன்ன உனக்க கை தெரியும். விரலு மடங்கும்போ நான் மூச்ச இழுத்துக்குவேன். கதவுக்கு அங்கன போன பொறவு ஒண்ணும் தெரியல." கொஞ்சம் இளைத்துவிட்டுச் சொன்னார், "எனக்க மூச்சு எனக்குத்தான மக்கா தெரியும்."

இத்தனை மாதமாக மருந்து வேலை செய்தது என் கையால் என்று நினைத்திருந்தேன். முகம் திருப்பிக்கொண்டு நான் இஷ்டத்துக்கு அமுக்கியதற்கு, மூச்சுக்குத் தவிக்கிற மனுஷன் தன் மூச்சை வளைத்துக் கொடுத்திருக்கிறார். இளைப்பு முற்றிய அன்று வளைக்க அவரிடம் மூச்சு மிச்சமில்லை.

அன்றே பழைய வேட்டித் துணியில் ஒரு சின்னப் பை தைத்தேன். பந்தை அதற்குள் போட்டு, நாடாவால் தொடையில் கட்டிக்கொண்டால் நழுவாது. குழாயையும் அவர் மடியளவுக்கு வெட்டினேன். சனிக்கிழமை வந்த கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் யோசனை இது என்று கேட்டார்.

"அவளுக்க வெக்கம் பாதி, எனக்க கைமுட்டு பாதி" என்றார் மாமனார்.

மருந்து வாங்க நெய்யூர் போனபோது அங்கிருந்த கம்பவுண்டர் அந்தப் பையைப் பார்த்து, இதே மாதிரி கை விளங்காத இன்னொருவருக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் கணவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை ஆட்டினேன். தைத்தும் கொடுத்தேன்.

மாமனார் அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தார். அடுக்களையில் நிற்கும்போது அந்தப் பந்துச் சத்தம் கேட்கும். என் கைக்கு ஓய்வு, ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் நானும் மூச்சை இழுத்திருப்பேன்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கஞ்சி ஊட்ட ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண், பாவம், நாலு வீட்டு வேலை பார்த்துக் களைத்து வருகிறவள். கரண்டி என் பக்கம் வரும்போது அவள் கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். என் கையைப் பார்த்து அவர் மூச்சிழுத்த மாதிரி, அவள் கையைப் பார்த்து நான் வாயைத் திறந்துகொள்கிறேன்.