வெறும் வண்டியில் எடுத்த அளவு

காலை 5.40. ஆலந்தலைக் கடற்கரை. முதலில் கண்ணில் பட்டது வேனின் பின்சக்கரம்... அதில் பாதியைக் காணோம். மணலுக்குள் இருந்தது.

வேன் என் மனைவியின் தம்பி சேவியருடையது. உள்ளே மூன்று டப். டப் நிறையக் கடல் தண்ணீர். அதில் பதினெட்டுக் களவா மீன், எல்லாம் உயிரோடு. திரேஸ்புரத்தில் ஒரு வியாபாரி காத்திருந்தார். உயிரோடு வந்தால் மட்டுமே வாங்குவார். முதல் நடை ஒழுங்காகப் போனால் வாராவாரம் இந்த ஓட்டம் சேவியருக்கே என்று பேச்சு.

இதற்காகத்தான் போன வாரம் சக்கரம் மாற்றினான். பதினான்கு அங்குலத்தைக் கழற்றிவிட்டு, பதினேழு அங்குல அலாய் சக்கரம். "மணலுக்குப் பெரிய சக்கரம்தான் அத்தான். வீடியோவுல பாலைவனத்துலயே ஓட்டுதான்."

வீடியோக்காரன் பெரிதாக வைத்திருந்தது டயரை — உள்ளே இருக்கும் உலோக ரிம்மை அல்ல. ரிம் பெரிதானால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் மெலியும். மணலில் ஓட்ட, காற்றைக் குறைத்து டயரை அகலமாகப் படியவிட வேண்டும். மூன்று விரல் உயர ரப்பரில் எதைக் குறைப்பது, எதைப் படியவிடுவது? மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் வைத்து இதை இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

மீனைக் கொடுத்த லில்லி அக்கா வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏலே சேவியரு, டயர் வாங்குனியா, வளையல் வாங்குனியா?"

"சும்மா இருங்கக்கா... தள்ள ஆள் கூப்பிடுங்க."

மீனைக் குடங்களில் எடுத்து, தண்ணீரைக் கொட்டி, எட்டுப் பேர் தள்ளி, வேன் தார்ச்சாலை ஏறியது. மறுபடி குடம் குடமாகக் கடல் தண்ணீர் நிரப்பினோம். முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? முதல் வளைவிலேயே கரகரவென்று சத்தம். ரப்பர் தீயும் வாடை. டயர் மேலே மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது.

"மாட்டும்போது இடைவெளி பார்த்தியாலே?"

"பார்த்தேன் அத்தான். ரெண்டு விரல் தாராளமாப் போச்சு."

"அப்போ வண்டியில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல..."

வள்ளத்தில் இத்தனை கூடை ஏற்றினால் இத்தனை விரல் அமுங்கும் என்று கரையில் நின்றே சொல்லுகிற ஆள் இவன்! வேனும் அமுங்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. பழைய டயர்கள் எங்கே என்றேன். மாமன் வள்ளத்தில், பக்கவாட்டில் இடிபடாமலிருக்கத் தொங்குகின்றனவாம். நான்கும்!

யோசித்தால், நாம் எல்லோருமே காலியாக இருக்கும்போதுதான் எதையும் அளக்கிறோம். வாடகை வீட்டைச் சாமான் இல்லாமல் பார்த்துவிட்டு, "விசாலமா இருக்கே" என்கிறோம். டயர் கடைக்குச் சரக்கோடு போனால் என்ன — அடிக்கவா போகிறார்கள்?

இரண்டு டப் தண்ணீரைச் சாலையோரம் கொட்டினோம். வண்டி நிமிர்ந்தது. பதினெட்டு மீனும் ஒரே டப்பில்.  அதன்பிறகு வேகத்தடை வந்தபோதெல்லாம் சேவியர் நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து பார்த்தான்.

திரேஸ்புரம் சேர்ந்தபோது 8.25. வியாபாரி டப்புக்குள் கைவிட்டு, மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

நான்கு மீன்களுக்கு மட்டும் செவுள் அசைந்தது.