தோமாசாவின் சீப்புக்குறி

மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் தோமாசாவோடு வம்புக்குப் போகிறவர்கள் குறைவு. பதினான்கு வயதில் ஆனைக்கற்றாழை மடல் சீவி நார் எடுக்கத் தொடங்கியவள். தன் நாரில் தானே நெய்த துணியில்தான் முதுகுச்சுமை கட்டுவாள். அவளுடைய ஒவ்வொரு செடியின் குருத்துமடல்களிலும் முள்ளால் ஒரு சீப்பு கீறியிருக்கும்: ஐந்து பல், நடுப்பல் மட்டும் நீளம். மடலோடு கீறலும் வளரும்.

அவள் மேட்டில் நின்ற ஒரு செடி முற்றப் பதினோரு வருடம் காத்திருந்தாள். பூந்தண்டு விடுமுன் குருத்தை வெட்டிக் குழித்தால் ஐந்து மாதம் பதநீர் ஊறும். வெள்ளிக்கிழமை கத்தியோடு போனவள், செடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்மடல்களின் மெல்லிய தோலை யாரோ உரித்திருந்தார்கள். கறியைப் பொதிந்து வேகவைக்கத்தான் அந்தத் தோல். அது போனால் செடி காயும். ஒரு குவளைகூடத் தராது.

ஞாயிறன்று பக்கத்துத் தோட்டக்காரர் அபுந்தியோவின் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. கள் தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால், மற்றச் செடிகளின் பதநீரில் புளித்த கள்ளைத் தோல்பை நிறையக் கொண்டு போனாள். தட்டில் கறிப்பொட்டலம் வந்தது.

"என்ன தங்கச்சி, மொறைச்சுப் பாக்குற? செத்த ஆடுதான், முட்டாது" என்றார் அபுந்தியோ.

"ஆடு உங்களுது அண்ணே. சட்டை யாருது?"

பொட்டலத்தோலை விரித்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஐந்து பல். நடுப்பல் நீளம்.

"சந்தையில வாங்கினது. யார் கிறுக்கினதோ!" அபுந்தியோ கையைச் சொறிந்தபடி சொன்னார்.

"சந்தையில வாங்கினா கை அரிக்குமா? கைய நீட்டுய்யா!"

அபுந்தியோ கையைப் பின்னால் மறைத்தார். மடல் உரித்துப் பழக்கமில்லாதவன் மேல் கற்றாழைப்பால் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தோமாசா அந்தக் கையை முன்னால் இழுத்தாள்; முழங்கைவரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. கூட்டம் சிரித்தது. தோமாசா சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷம்! ஒரு வேளைச் சோத்துக்கு உரிச்சிட்டியே! உன் தோட்டத்துல நான் காட்டுற ஆறு கன்னைத் தோண்டு. என் மேட்டுல நீயே நடு. அதுக்கு முன்னாடி கள்ளுன்னு வாயத் திறக்காத!"

"போய்யா, போய் நடு! தொண்டை காயுது!" என்றார்கள் விருந்தாளிகள்.

புதுக் காலணியோடு போய் நட்டார். ஆறாவது கன்று சாய்ந்திருந்தது; பிடுங்கி மறுபடி நட வைத்தாள். ஒவ்வொன்றிலும் சீப்பு கீறினாள்.

அபுந்தியோ நெற்றியைத் துடைத்தார். "இப்பவாவது பையை அவிழு, தங்கச்சி."

தோமாசா தோல்பையை முதுகில் ஏற்றிக் கட்டினாள்.

"இதுங்க பதநீர் தரட்டும். அன்னிக்கு அவுக்கிறேன்."

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.