பாதி மாத்திரை

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்னையில் டாக்டர் சொன்ன பிறகு, என் கணவரை அந்தமானுக்கே, எங்கள் புரோத்ராபூர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். கணையத்தில் புற்றுநோய். துறைமுக ஜெட்டியில் முப்பது வருடம் கப்பல் கயிறு இழுத்த மனிதர், கட்டிலில் எழுந்து உட்காரவே என் தோளைப் பிடித்தார்.

வாரத்துக்கு இரண்டு முறை ஒரு நர்ஸ் சிஸ்டர் வீட்டுக்கே வருவார். நோயைத் தீர்க்க அல்ல, கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ள. தெலுங்குக் குடும்பத்துப் பெண், இந்தி கலந்த தமிழ் பேசுவார். முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, உலர்ந்த வாயை எப்படி ஈரத்துணியால் துடைப்பது என்று எனக்குச் செய்து காட்டினார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கொடுத்ததும் நோட்டில் டிக் போட வேண்டும் என்றார்.

அந்த வாரம் கடுங்காற்று. கப்பல் வரவில்லை. கப்பல் தாமதம் என்றால் இங்கே குடும்பம் நடத்துகிறவளுக்குக் கை தானாகவே சுருங்கிவிடும். வெங்காயம் பாதி, பருப்பு பாதி. மார்ஃபினும் மெயின்லேண்டிலிருந்துதானே வர வேண்டும்? அது தீர்ந்துபோய் இவர் துடித்தால் எங்கே ஓடுவேன்? சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வெளியாட்களிடம் பேச வாய் வராது. பிளேடு எடுத்து மாத்திரைகளை நறுக்கினேன். வேளை தவறாமல் பாதி கொடுத்தேன். டிக் போட்டேன்.

சிஸ்டர் வந்து, பத்து விரலில் வலி எத்தனை என்று கேட்டார். இவர் ஏழு விரல் காட்டினார். அடுத்த முறை எட்டு. மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால், மிச்சம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்தார்.

"அக்கா, இது என்ன?"

"கப்பல் வரலையே சிஸ்டர்..."

கட்டிலிலிருந்து அவர் சிரித்தார். "கப்பல் லேட்டானா வெங்காயத்த நறுக்குவா சிஸ்டர். இந்தவாட்டி என் மருந்த நறுக்கிட்டா." சிரிப்பு பாதியில் நின்றது. தலையணையைக் கடித்துக்கொண்டார்.

சிஸ்டர் திட்டவில்லை. அவருக்கு ஒரு முழு மாத்திரை கொடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "டரோ மத், பயப்படாதீங்க அக்கா. ஸ்டாக் இங்கயே இருக்கு. தீர்றதுக்கு முன்னாடி நானே கொண்டு வருவேன். போன்ல பேச ஷரமா, கூச்சமா இருந்தா மிஸ்டு கால் குடுங்க, நான் கூப்புடுறேன்."

ஒரு மணி நேரத்தில் என் கணவருடைய மூடியிருந்த விரல்கள் விரிந்தன. சிஸ்டரிடம் எண்ணிக்கை காட்டிய நேரம் தவிர, எட்டு நாளாக அவை மூடியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் மீன் குழம்பு கேட்டார். இரண்டு ஸ்பூன் வாயில் விட்டேன். "ஏ புள்ள, உப்பு பத்தல" என்றார். அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"பாதிதான் குடுக்குறேன்னு தெரியலையாங்க?"

"நாக்குக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ பயந்து போயிருந்த. கேட்டா அழுவ."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தார். ஒரு காலைப்பொழுதில், நான் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

சிஸ்டருக்கு இனி எங்கள் வீட்டில் வேலையில்லை என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து நின்றார். நோயாளி போன பிறகும் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்க வருவது வழக்கமாம். டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு, பாதி மாத்திரை என்று தெரிந்தே என் கணவர் விழுங்கியதைச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதது.

"அந்த எட்டு நாளும் ரொம்ப வலிச்சிருக்குமா சிஸ்டர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

"வலிச்சிருக்கும் அக்கா" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் போனதிலிருந்து யார் முன்னாலும் அழாதவள், அன்றைக்கு அழுதேன். அடுத்த நோயாளி வீட்டுக்குப் போக நேரமாகியும் சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.